பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் ஸ்டீயரிங் வீல் மேலும் கீழும் ஆடுகிறது. ரேக்கை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

இப்போதைக்கு ரேக்கில் (வீலைச் சுற்றும்போது இடமும் வலமும் நகர்ந்து டயரைத் திருப்பும் பல் தண்டு) கை வைக்காதீர்கள். வீலை மேலும் கீழுமாக அமுக்கினால் டக் டக் என்கிறது, ஆனால் ஓட்டும்போது வண்டி நேராகப் போகிறது, மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக் "ரேக் போச்சு" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி நேராகப் போகிறது என்றால் ரேக்கைச் சந்தேகப்பட இப்போது காரணமே இல்லை. ரேக்கோ, அதை டயர் பக்கத்தோடு இணைக்கும் டை ராடு எண்டோ தேய்ந்தால், வீலைத் திருப்பினாலும் டயர் திரும்பாமல் கொஞ்சம் சும்மா சுற்றும். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றில் போய்ப் பாருங்கள், அந்த ஆட்டம் உள்ள வண்டியைப் பிடித்து நிறுத்தவே கை வலிக்கும். உங்களுடையது வீல் தண்டே (ஷாஃப்ட்) குலுங்குகிற ஆட்டம். ஸ்டீயரிங் காலத்தில், அதாவது ஷாஃப்டும் அதை மூடிய டியூபும் சேர்ந்த பகுதியில், ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்ததாக்கும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. ஹெரால்டின் பானெட் இரண்டு மட்கார்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாகக் கவிழும். அதைத் திறந்துவிட்டு டயர் பக்கத்தில் நின்றால் ரேக் கண் முன்னால் இருக்கும். ஒருவரை உள்ளே உட்கார வைத்து வீலை இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். ரேக் மொத்தமாக அசைந்தால், அதைச் சேஸில் பிடித்திருக்கும் யூ போல்ட்டின் ரப்பர் ஊறிப்போயிருக்கிறது. அப்போதும் ரேக் நல்ல ரேக்தான், ரப்பரை மாற்றினால் போதும்.

இனி புஷ் விஷயம். நிறையப் பேர் பேரிங் என்று சொல்லித் தேடுகிறார்கள். இந்த வண்டியில் குண்டு பேரிங் கிடையாது. வெளி டியூபுக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு ரப்பர் புஷ். அவற்றின் மேல் உள்ள சின்னக் குமிழ்கள் டியூபின் ஓட்டைகளில் வந்து உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் அதற்குள்ளேதான் சுற்றுகிறது. நாளாக ஆக 'கீச்' என்று ஒரு சத்தம் வரும். உடனே யாராவது கிரீஸையோ டீசலையோ விட்டுவிடுவார்கள். சத்தம் நிற்கும், புஷ் ஊதி இளகி ஒரு வருடத்தில் பிய்ந்துவிடும். ரப்பர் தோட்டம் உள்ள ஊர்க்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம், மினரல் ஆயில் பட்ட ரப்பர் உருப்படாது. எங்கள் வீட்டு ஹெரால்டில் வெளியே எடுத்த கீழ் புஷ் கருப்பட்டிப் பாகு மாதிரி விரலில் ஒட்டியது. சோப்பு போட்டும் போகவில்லை.

கழற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. டயரை நேராக வைத்துவிட்டு பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள் (பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்). காலத்தின் மேல் உள்ள சுவிட்சுகளின் மூடி, இண்டிகேட்டரைத் திருப்பி விடும் கிளிப், ஹாரன் பட்டன் எல்லாம் வர வேண்டும். டேஷுக்கு அடியில் மேல் ஷாஃப்டும் கீழ் ஷாஃப்டும் சேருகிற இடத்தில் ஒரு கிளாம்ப் இருக்கும். கிளாம்ப் போட்ட இடத்தில் ஷாஃப்டில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஆலன் ஸ்க்ரூவின் லாக் நட், ஸ்க்ரூ, கிளாம்ப் போல்ட்டுகள் மூன்றையும் தளர்த்தினால் ஷாஃப்ட் மேல்பக்கமாக உருவி வரும். வராவிட்டால் WD-40 (துருப்பிடித்ததை இளக்கும் ஸ்ப்ரே) விட்டுக் காத்திருங்கள், சுத்தியல் மட்டும் எடுக்காதீர்கள். குமிழ்களை ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே அமுக்கி, நீளக் கம்பியால் தள்ளினால் பழைய புஷ் விழுந்துவிடும்.

புதிய புஷ் போடும் முன் ஷாஃப்டை விரலால் தடவிப் பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம் நின்ற வண்டியானால் உப்புக்காற்றில் துரு குழி விழுந்திருக்கும். லேசான துருவுக்கு எமரித் தாள் போதும். நகம் மாட்டுகிற அளவு பள்ளம் என்றால் எத்தனை புஷ் போட்டாலும் அறுத்துத் தள்ளிவிடும், முதலில் ஷாஃப்டைச் சரி செய்யுங்கள்.

ஒரிஜினல் ரப்பர் புஷ் இங்கிலாந்தில் இன்னும் விற்கிறார்கள். ஷாஃப்ட் விட்டத்தையும் டியூபின் உள்விட்டத்தையும் வெர்னியரில் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். வந்த புஷ்ஷின் ஒரு முனையில் இரும்பு வளையம் இருந்தால் அந்த முனை கீழே பார்க்க வேண்டும். ஏற்றுவதற்குச் சோப்புத் தண்ணீர் அல்லது சிலிக்கான் கிரீஸ். வேறு எதுவும் வேண்டாம்.

காத்திருக்க முடியாது என்றால் நாகர்கோவிலில் எந்த லேத்திலும் கடைந்து தருவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக். கேட்காமல் விட்டால் கையில் இருக்கும் நைலான் ராடில் கடைந்துவிடுவார்கள். நைலான் ஈரத்தை இழுத்து ஊதும். நமக்கோ இரண்டு மழைக்காலம், வெயிலில் சரியாக இருந்த ஸ்டீயரிங் ஐப்பசியில் இறுகும். நீளவாக்கில் ஒரு வெட்டுப் போடச் சொல்லுங்கள், ஏற்ற எளிது. குமிழுக்குப் பதிலாகப் பழைய ஓட்டை வழியே சின்ன ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கலாம், அதன் நுனி ஷாஃப்டைத் தொடக்கூடாது. ரப்பரின் மென்மை டெல்ரினில் கிடைக்காது, மோசமான ரோட்டில் அதிர்வு கைக்குத் தெரியும். வாரத்தில் ஒருநாள் வெளியே எடுக்கும் வண்டிக்கு அது பரவாயில்லை. எனக்குப் பிடித்தது ரப்பர்தான்.

பூட்டும்போது கவனம் முழுக்க அந்தக் கிளாம்பில் இருக்கட்டும். மோதினால் ஷாஃப்ட் நெஞ்சில் குத்தாமல் ஒன்றுக்குள் ஒன்று இறங்கட்டும் என்றுதான் அதை இரண்டு துண்டாகச் செய்திருக்கிறார்கள். வீலின் நீளத்தை நமக்கு ஏற்றபடி வைப்பதும் அதே இடத்தில்தான். போல்ட்டுகள், ஆலன் ஸ்க்ரூ, லாக் நட் ஒன்றைக்கூட நாளைக்கு என்று விடக்கூடாது. தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து திரும்பவும் ஸ்பேனர் போட்டு இறுக்கம் பாருங்கள். வெல்டிங் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து ஹாரன் அடிக்கவில்லை என்றால் பட்டனைப் பிரித்துக்கொண்டு உட்காராதீர்கள். கீழே ரேக்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் கப்ளிங் இருக்கும், ரப்பரில் கரண்ட் போகாது என்பதால் அதைத் தாண்டி ஒரு எர்த் வயர் கட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அது அறுந்திருக்கும்.