நான்கு இரவுக்கு மாலத்தீவா, ஹேவ்லாக்கா?

பிப்ரவரியில் நான்கு இரவு, ஐந்து வயது மகளோடு பெங்களூர் ஒயிட்ஃபீல்டிலிருந்து கிளம்புகிறோம், மாலத்தீவா, அந்தமானின் ஹேவ்லாக் தீவா என்று கேட்டிருந்தீர்கள். பட்ஜெட் இடம் கொடுத்தால் மாலத்தீவு. அந்தமானில் இறங்கியபின் ஹேவ்லாக்குக்குக் கப்பல் பிடிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் இறங்கினால் முதல் இரவு போர்ட் பிளேரிலேயே கழிந்துவிடும். திரும்பும்போதும் அதே கதை. ஒரு வாரம் இருந்தால் அந்தமானையே சொல்வேன்.

பெங்களூரிலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்கு நேரடி விமானம் உண்டு, விசாவும் இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். ரிசார்ட்டின் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அங்கே எப்படிப் போவது என்று முதலில் பாருங்கள். கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும், ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும். மாலைக்குமேல் இறங்கினால் ஓர் இரவு மாலே பக்கமே தங்க நேரும். அதனால் வேகப்படகில் போகிற தூரத்தில், மாலேவைச் சுற்றியுள்ள காஃபு அட்டோல் என்ற தீவுக்கூட்டத்துக்குள்ளேயே தேடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. ரிசார்ட் தீவில் பக்கத்துத் தெரு மெஸ் கிடையாது! மூன்று வேளையும் சேர்ந்த பேக்கேஜ் எடுங்கள். காட்டும் விலையில் 10 சதவீத சேவைக் கட்டணம், 17 சதவீத வரி, தலைக்கு இரவுக்கு 12 டாலர் வரை பசுமை வரி எல்லாம் அடங்கியதா என்றும் கேளுங்கள்.

கட்டுப்படியாகவில்லையா? ரிசார்ட்டுக்குப் பதில், உள்ளூர் மக்கள் வாழும் மாஃபுஷி தீவில் தங்கினாலும் பாதகமில்லை. மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை. குழந்தைக்கு ஆழமில்லாத லகூன் (பவளத்திட்டுக்கு உள்ளே அலை குறைந்த கடல்) இருக்கும் இடமாகப் பாருங்கள்.