2016 அமெரிக்கத் தேர்தலும் ரஷ்யச் சந்தேகமும்: கேள்வி பதில்

ஹிலாரியும் ட்ரம்பும் மோதிய 2016 அதிபர் தேர்தலில் ரஷ்யா மூக்கை நுழைத்தது என்ற சந்தேகம் எங்கே கிளம்பியது என்று பலர் கேட்டிருந்தீர்கள். குற்றப்பத்திரிகை, இதை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் முல்லரின் அறிக்கை, செனட் உளவுக்குழு அறிக்கை எல்லாவற்றையும் பென்சிலோடு உட்கார்ந்து படித்தவன் நான். அந்த அளவுக்குத்தான் என் தகுதி. கட்சி கட்டிப் பேச வரவில்லை.

கேள்வி: சார், இந்த விவகாரமே ஹிலாரி தரப்பு காசு கொடுத்து எழுதி வாங்கிய ஸ்டீல் ஆவணத்தில்தானே தொடங்கியது?

ஸ்டீல் ஆவணம் என்பது, ட்ரம்புக்கும் ரஷ்யாவுக்கும் இருப்பதாகச் சொல்லப்பட்ட தொடர்பு பற்றி முன்னாள் பிரிட்டிஷ் உளவாளி கிறிஸ்டோபர் ஸ்டீல் எழுதிய தாள்கள். அதற்குக் காசு போனது உண்மை. அதில்தான் தொடங்கியது என்பது தவறு. தேதிகளைப் பாருங்கள்.

2016 ஏப்ரல் 26. ட்ரம்ப் பிரசாரக் குழுவின் வெளியுறவு ஆலோசகர்களில் ஒருவரான ஜார்ஜ் பாபடோபுலஸ் லண்டனில் ஜோசப் மிஃப்சுட் என்ற பேராசிரியரைச் சந்திக்கிறார். ஹிலாரியைப் பற்றிய அழுக்கு ரஷ்யர்களிடம் இருக்கிறது, ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் என்கிறார் அந்தப் பேராசிரியர். இரண்டு வாரத்தில், அதே லண்டனில் ஒரு மதுக்கூடத்தில், ஆஸ்திரேலியத் தூதர் அலெக்ஸாண்டர் டவுனரிடம் பாபடோபுலஸ் வாயை விடுகிறார்: ஹிலாரிக்குச் சேதம் தரும் தகவலை வெளியிட்டு ரஷ்யா உதவக்கூடும் என்ற பொருளில் ஒரு பேச்சு. அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 22 அன்று ஹிலாரியின் கட்சியான ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு மின்னஞ்சல்களை, ஏறக்குறைய 20,000, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் கொட்டியது. அப்போதுதான் ஆஸ்திரேலியர்களுக்குப் பொறிதட்டியது. அமெரிக்காவுக்குத் தகவல் சொன்னார்கள். ஜூலை 31-ல் எஃப்பிஐ விசாரணையைத் திறந்தது. ஸ்டீலின் தாள்கள் அந்த விசாரணைக் குழுவின் கைக்கு வந்தது செப்டம்பர் 19-ல். ஏழு வாரம் கழித்து வந்த காகிதம் எப்படி விதையாக இருக்க முடியும்?

அதற்காக ஸ்டீல் ஆவணத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கார்ட்டர் பேஜ் என்ற ஆலோசகரை வேவு பார்க்க எஃப்பிஐ நீதிமன்றத்தில் போட்ட மனுக்கள் அதைத்தான் நம்பி நின்றன. அந்த மனுக்களில் 17 பெரிய பிழைகளும் விடுபாடுகளும் இருந்ததாக நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் ஹோரோவிட்ஸ் 2019 டிசம்பரில் எழுதினார். எஃப்பிஐ வழக்கறிஞர் ஒருவர் ஒரு மின்னஞ்சலையே திருத்திவிட்டுப் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். வெட்கக்கேடு. விசாரணையைத் தொடங்கப் போதுமான காரணம் இருந்தது என்றார் ஹோரோவிட்ஸ். முழு விசாரணையாகத் திறந்திருக்கக் கூடாது என்றார், அந்த எஃப்பிஐ விசாரணையையே ஆராய்ந்த சிறப்பு வழக்கறிஞர் டர்ஹம், 2023-ல். என் வோட்டு ஹோரோவிட்ஸுக்கு.

கேள்வி: அண்ணா, அவ்வளவு பெரிய கட்சிக்குள் நுழைய பெரிய தொழில்நுட்பம் தேவைப்பட்டிருக்குமே?

நீங்கள் வேறு! 2016 மார்ச் 19, ஹிலாரி பிரசாரத்தின் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்குக் கூகுள் அனுப்பியது போல ஒரு மின்னஞ்சல். "உங்கள் பாஸ்வேர்ட் வேறு யாரிடமோ இருக்கிறது, உடனே மாற்றுங்கள்" என்று கீழே ஒரு பொத்தான். அந்த இணைப்பு உண்மையில் சுருக்கப்பட்ட முகவரி, போய்ச் சேரும் இடம் போலிப் பக்கம். ஊழியர்களுக்குச் சந்தேகம் வந்து கணினி உதவியாளரிடம் கேட்டார்கள். அவர் "இது முறையான மின்னஞ்சல்" என்று பதில் போட்டார். 'முறையற்ற' என்று எழுத நினைத்தாராம். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து விடுபட்டுவிட்டது. இதில் பெரிய கொடுமை, அதே பதிலில் கூகுளின் அசல் இணைப்பையும் அவர் கொடுத்திருந்தார். சொடுக்கப்பட்டது பழைய பொத்தான். 50,000-க்கு மேல் மின்னஞ்சல்கள் போயின.

இன்னொன்று. 2015 செப்டம்பரிலேயே எஃப்பிஐ அதிகாரி ஒருவர் கட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டு எச்சரித்தார். அழைப்பு உதவி மையத்துக்குப் போனது. எடுத்தவருக்கு, பேசுவது நிஜமான அதிகாரியா, யாராவது விளையாடுகிறார்களா என்றே தெரியவில்லை.

கேள்வி: தோழர், ஐபி முகவரியை யாரும் மாற்றலாம். சிஐஏவே செய்துவிட்டு ரஷ்யா தலையில் கட்டியிருக்கலாமே?

கேட்க வேண்டிய கேள்விதான். ஜூன் 14-ல் ஊடுருவல் செய்தி வெளியானது. மறுநாளே "குசிஃபர் 2.0" என்ற பெயரில் ஒருவர் முளைத்து, நான் தனி ஆள், ரஷ்யாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றார். அவர் வெளியிட்ட கோப்பில் சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஜெர்ஜின்ஸ்கியின் பெயர் ரஷ்ய எழுத்தில் பதிந்திருந்தது. இதை மட்டும் காட்டினால் நானும் நம்பமாட்டேன், யாரும் ஒட்டவைக்கலாம்.

என்னை நம்பவைத்தது வேறு. ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த 12 பேர் மேல் 2018 ஜூலையில் போட்ட குற்றப்பத்திரிகையில் ஒரு பத்தி இருக்கிறது. ஜூன் 15, மாஸ்கோ நேரம் மாலை 4:19-லிருந்து 4:56 வரை, அந்த உளவுப் பிரிவு ஒன்று நடத்திய சர்வரிலிருந்து யாரோ சில ஆங்கிலச் சொற்றொடர்களைத் தேடுகிறார்கள். "சில நூறு தாள்கள்", "இல்லுமினாட்டி", "உலகறிந்த" என்று. அன்றே மாஸ்கோ நேரம் 7:02-க்கு வந்த குசிஃபரின் முதல் பதிவில் அதே சொற்கள். ஆங்கிலம் சரியா என்று பார்த்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள், பாவம்.

ஒரு குறை உண்டு: பிரதிவாதிகள் நீதிமன்றத்துக்கு வரவில்லை, சாட்சியம் குறுக்கு விசாரணைக்கு உட்படவில்லை.

கேள்வி: கசிந்த மின்னஞ்சல்கள் பொய்யா?

பெரும்பாலும் அசல். கட்சிக்குள் ஹிலாரியை எதிர்த்து நின்ற சாண்டர்ஸ் மீது கட்சி அலுவலகத்துக்கு இருந்த எரிச்சல் அதில் அப்படியே தெரிந்தது, கட்சித் தலைவி பதவி விலகினார். ஆனால் வெளிவந்த நாளைப் பாருங்கள்: கட்சி மாநாட்டுக்கு மூன்று நாள் முன்பு. பொடெஸ்டாவின் மின்னஞ்சல்கள் அக்டோபர் 7 அன்று, பெண்களைப் பற்றி ட்ரம்ப் கொச்சையாகப் பேசிய பதிவு வெளியாகி ஒரு மணி நேரத்துக்குள். மேடையில் யார் எப்போது ஏற வேண்டும் என்பதைத் திருடியவர்களும் வெளியிட்டவர்களும் முடிவு செய்தார்கள்.

கேள்வி: ட்ரம்ப் கூட்டுச்சதி செய்தாரா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் வராது தம்பி. ரஷ்ய அரசுடன் பிரசாரக் குழு சதி செய்ததாக நிறுவ முடியவில்லை என்பது முல்லர் முடிவு. ரஷ்யா தருவதாகச் சொன்ன தகவலுக்கு ட்ரம்பின் மகன் ஆவலோடு கூட்டம் போட்டதும், பிரசாரத் தலைவர் மானஃபோர்ட் கருத்துக்கணிப்பு விவரத்தைக் கிலிம்னிக் என்பவருக்குக் கொடுத்ததும் உண்மை. கிலிம்னிக்கை ரஷ்ய உளவு அதிகாரி என்றே செனட் குழு எழுதியிருக்கிறது.

கேள்வி: இது அமெரிக்கா மற்றவர்களுக்குச் செய்ததுதானே சார்?

ஆமாம். 1948 இத்தாலித் தேர்தலில் கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்க சிஐஏ பணம் இறைத்தது. 1946 முதல் 2000 வரை இரு வல்லரசுகளும் 117 தேர்தல்களில் தலையிட்டதாக டோவ் லெவின் என்ற ஆய்வாளர் எண்ணியிருக்கிறார். அதில் 81 அமெரிக்காவின் கணக்கு.

கேள்வி: கடைசியில் இது முடிவை மாற்றியதா?

ட்ரம்பின் வெற்றியைத் தீர்மானித்த மூன்று மாநிலங்களில் சேர்த்து சுமார் 78,000 வாக்கு வித்தியாசம். மாற்றியது என்பவரும் இல்லை என்பவரும் ஊகிக்கிறார்கள். 1924 பிரிட்டனைப் பாருங்கள். தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு டெய்லி மெயில் "ஜினோவியேவ் கடிதம்" என்று, பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டுவதாக, மாஸ்கோ பெயரில் ஒரு கடிதத்தை வெளியிட்டது. போலிக் கடிதம். ஆட்சியிலிருந்த தொழிற்கட்சி 40 இடங்களை இழந்தது. கடிதத்தால்தான் தோற்றோம் என்று அவர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் அவர்களுடைய வாக்கு பத்து லட்சத்துக்கு மேல் கூடித்தான் இருந்தது. சரிந்தது லிபரல் கட்சி.

கேள்வி: முல்லர் அறிக்கை 448 பக்கமாமே, எங்கே தொடங்குவது?

அதை அப்புறம் எடுங்கள். முதலில் அந்த 2018 ஜூலை குற்றப்பத்திரிகை, வெறும் 29 பக்கம். நான் சொன்ன மாஸ்கோ நேரம் அதில்தான் இருக்கிறது.