பாம்பு மாத்திரை (கடிதம்)

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். போன தீபாவளிக்கு மழை, புகையே தெரியவில்லை. இந்த வருஷமும் தெருவில் அதே வெடிகள்தான். ஆனால் மறுநாள் காலை எட்டு மணி வரை சையத் பாஷா மலை கண்ணுக்குத் தெரியவில்லை. பெங்களூரிலிருந்து வந்த புகையா? எங்கள் ஆறு வயது மகளுக்கு வீசிங் உண்டு. அதனால் பாம்பு மாத்திரையும் கம்பி மத்தாப்பும் மட்டும்தான் கொடுத்தோம். இருந்தும் ராத்திரி நெபுலைசர் வைக்கும்படி ஆகிவிட்டது. அரசு நேரக் கட்டுப்பாடு வைத்து என்ன பயன்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பெங்களூரை விடுங்கள். புகை உங்கள் தெருவுடையதுதான். மழை பெய்தால் தூசியைத் தரைக்கு இறக்கிவிடும். மேகமில்லாத ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் கனத்துக் கீழேயே தங்கிவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி. சுற்றிலும் குன்று வேறு. வெயில் ஏறித் தரை சுட்டால்தான் மூடி திறக்கும். காலை 6 முதல் 7 வரை வெடிக்கலாம் என்கிறார்களே, காற்று ஆடாமல் அசையாமல் கிடக்கிற நேரம் அது. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பாம்பு மாத்திரைக்காக. வீசிங் உள்ள குழந்தைக்கு அதையா கொடுப்பீர்கள்? புனேவின் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016இல் ஆறு வகைப் பட்டாசுகளைக் கொளுத்தி, கொளுத்துகிறவர் நிற்கும் தூரத்தில் நுண்துகளை அளந்தது. முதலிடம் பாம்பு மாத்திரைக்கு. உச்சத்தில் கனமீட்டருக்கு 64,500 மைக்ரோகிராம். ஆயிரம் வாலாவே அதற்குப் பின்னால்தான், 38,540. கம்பி மத்தாப்பு 10,390. புஸ்வாணம் 4,860. நம் நாட்டில் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 60. நிமிஷ உச்சத்தையும் நாள் சராசரியையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாதுதான். ஆனால் குழந்தை மூச்சு இழுப்பது அந்த நிமிஷத்தில் அல்லவா?

தருமபுரியில் என் தங்கைக்கு வெடிச் சத்தம் என்றால் பயம். அவளுக்கென்றே அப்பா மாத்திரை டப்பா வாங்குவார். திண்ணையில் குத்துக்காலிட்டு, ஊதுபத்தியால் பற்றவைத்து, கறுப்பாக நெளிந்து வளர்வதை முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பாள். புகை நேராக மூக்குக்குப் போகும். சிமெண்டில் விழுந்த கருவட்டங்கள் பொங்கலுக்குத் தேய்த்தாலும் போகாது. ராத்திரி அவள் நெஞ்சு விசிலடிக்கும். 'பலகாரம் ஒத்துக்கல' என்று அம்மா சுக்குக் கஷாயம் வைப்பாள். அம்மாவுக்குச் சொல்ல ஆளில்லை. உங்கள் வீட்டில் நெபுலைசர் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். சத்தம் போடாததெல்லாம் சாது என்று நீங்களும் நம்பினால் எப்படி?

குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள்? இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த வருஷம் அவள் கேட்டால், சாயங்காலம் காற்று ஓடும்போது ஒரு புஸ்வாணத்தை நீங்கள் கொளுத்துங்கள். புகை போகாத பக்கம் தள்ளி நின்று அவள் பார்க்கட்டும். மிச்ச மாத்திரையைக் கார்த்திகைக்கென்று எடுத்து வைத்திருப்பீர்கள். இன்றைக்கே தண்ணீரில் ஊறப்போடுங்கள்.