இருவழி வீதியில் பஸ்ஸை எப்போது முந்தலாம்? ‘நட்பு இருவழிப் பாதை’ என்பது சரியான உவமையா?

கார் ஓடப் பழகுபவர் கேட்ட இரண்டு கேள்விகளில் முதலாவதற்குத்தான் அவசரம். யாழ்ப்பாணம்–கண்டி வீதியில் சாவகச்சேரி தாண்டிப் பஸ்ஸுக்குப் பின்னால் அகப்பட்டால், முந்துவது என்பது எதிரே வருபவரின் பாதியைச் சில செக்கன்கள் கடன் வாங்குவது. எத்தனை செக்கன் என்று கணக்குப் போட்டால் பாதி அவசரம் அடங்கிவிடும்.

பஸ் 12 மீற்றர், கார் 4 மீற்றர், முன்னும் பின்னும் 15 மீற்றர் இடைவெளி. ஆக, பஸ்ஸைவிட 46 மீற்றர் கூட ஓடவேண்டும். பஸ் மணிக்கு 40 கிலோமீற்றரில் போக நீங்கள் 60இல் போனால், அதற்கு எட்டுச் செக்கனுக்கு மேல் பிடிக்கும். அதற்குள் உங்கள் கார் ஏறக்குறைய 140 மீற்றர் ஓடிவிடும். எதிரே 60இல் வருபவரும் 140 மீற்றர் கிட்ட வந்துவிடுவார். குறைந்தது 300 மீற்றர், அதாவது மூன்று உதைபந்தாட்ட மைதான நீளம், வெறுமையாகத் தெரியவேண்டும். பஸ் 50இல் போனால்? அதே 60இல் 16 செக்கனுக்கு மேல் வலப்பக்கத்தில் நிற்பீர்கள். 550 மீற்றர் வேண்டும். பேசாமல் பின்னால் போங்கள், அடுத்த தரிப்பிடத்தில் பஸ் எப்படியும் நிற்கும். ஊர்மனைக்கு வெளியே காருக்கு வேக எல்லை 70 என்பதால், கூட அமத்தி முந்தவும் பெரிய இடமில்லை.

பழகுபவர்கள் விடும் பெரிய பிழை, பஸ்ஸின் பம்பரோடு ஒட்டிப் போவது. அப்போது தெரிவது பஸ்ஸின் முதுகு மட்டும்தான். இரண்டு செக்கன் தூரம் பின்வாங்கினால், வலப்பக்கம் இருக்கும் உங்கள் ஆசனத்திலிருந்து நேர்வீதி தெரியும். வீதி இடப்பக்கம் வளைந்தால் பஸ்ஸின் இடப்பக்கத்தால் எட்டிப் பாருங்கள். கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேலால் ஒரு பார்வை, கியர் ஒன்று இறக்கம், பிறகுதான் வெளியே. பஸ்காரர் போடும் இடச் சிக்னலை நம்பவேண்டாம். அது ‘போ’ என்றும் இருக்கலாம், ‘நிறுத்தப்போகிறேன்’ என்றும் இருக்கலாம். எதிரே லைட் அடிப்பவர் பெரும்பாலும் வழி விடவில்லை, தான் வருவதைச் சொல்கிறார்.

நிற்கும் பஸ்ஸைத் தாண்டும்போது நடக்கும் வேகத்துக்கு இறங்குங்கள். இறங்கிய பிள்ளை பஸ்ஸின் முன்னால் வீதியைக் கடக்கும். ஆனையிறவு நேர்வீதியில் மத்தியான வெயிலுக்குத் தார் தண்ணீர்போல் மினுங்கும், எதிரே வரும் வாகனத்தின் தூரம் பிடிபடாது. இரவில் ஒற்றை லைட் தெரிந்தால் மோட்டார் சைக்கிள் என்று முடிவெடுக்காதீர்கள், ஒரு லைட் எரியாத லொறியாகவும் இருக்கும்.

வலப்பக்கம் திரும்பக் காத்து நிற்கும்போது முன் ரயரை நேராக வைத்திருங்கள். முதலே திருப்பி வைத்தால், பின்னால் ஒருவர் இடித்ததும் கார் எதிர்ப் பாதிக்குள் போய்விடும்.

இனி உவமை. இருவழி வீதியில் இரண்டு பேரும் தொடாமல் கடந்து போவதுதான் ஒழுங்கு. தொட்டால் இன்சூரன்ஸ்காரர் வருவார். நட்புக்கு அது பொருந்தவில்லை என்பது என் எண்ணம். திருக்குறள் 1196 காதலைக் காவடிக்கு ஒப்பிடுகிறது: ஒருபக்கம் மட்டும் பாரமென்றால் துன்பம், இருபக்கமும் என்றால் இன்பம். இதுவே நல்ல உவமை.

வீதிதான் வேண்டுமென்றால் நம்முடைய ஒழுங்கையைச் சொல்லலாம். இருபக்கமும் மதில், நடுவில் ஒரு வாகன அகலம், இரண்டு பேர் நேருக்கு நேர். படலைக்கோ அகலமான இடத்துக்கோ கிட்ட நிற்பவர் பின்னால் எடுப்பார். மற்றவர் பெட்டி கொழுவிய லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) வந்தால் தூரம் பார்க்காமல் கார்க்காரரே பின்னால் எடுக்கவேண்டும். ரிவேர்ஸில் பெட்டி ஒருபக்கம் மடிந்து மதிலில் ஏறிவிடும்.