இரண்டாவது தந்தி

சென்ற மாதப் பகுதியின் முடிவில், எங்கள் பழைய இசைக்குழுவில் ஹவாயன் கிட்டார் வாசித்தவர் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் காலமான செய்தியை இரண்டு வரியில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. ஆகவே இந்த மாதம் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். மேடையில் தன் பெயரை அறிவிக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. இங்கேயும் அவர் எனக்கு அண்ணன்தான்.

ஹவாயன் கிட்டாரும் ஸ்டீல் கிட்டாரும் ஒன்றா? நம் கோட்டுவாத்தியத்தைப் பார்த்துச் செய்ததா அது?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

ஒன்றுதான். ஸ்டீல் என்ற பெயர் இடக்கையில் பிடிக்கும் எஃகுத் துண்டால் வந்தது. கிட்டாரை மடியில் மல்லாக்க வைத்து, தந்தியை விரலால் அழுத்தாமல், அந்தத் துண்டை மேலே வைத்து நகர்த்துவார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாயில் ஜோசப் கெகுகு என்பவர் மாணவராக இருந்தபோது இந்த முறையை வளர்த்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அமெரிக்கா முழுவதும் பரவியது. 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் மின்சார கிட்டார்கூட மடியில் வைத்து வாசிக்கும் இந்த வகைதான்.

கோட்டுவாத்தியம் வேறு வழியில் வந்தது. அது வீணைக் குடும்பம், ஆனால் மெட்டு (கழுத்தில் ஸ்வர இடம் காட்டும் கம்பி) இல்லாமல், தந்திமேல் ஒரு துண்டை நகர்த்தி வாசிக்கும் வாத்தியம். ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கைவேலை ஒன்று: ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு, நடுவில் இருப்பதையெல்லாம் தொட்டுக்கொண்டே போவது. அதனால்தான் இந்தியக் காதுக்கு இது உடனே பிடித்துப்போனது. ஹவாய் இசைக்கலைஞர் டாவ் மோ 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் வாழ்ந்து வாசித்தார். வங்காளிகள் ரவீந்திர சங்கீதத்தை, அதாவது தாகூரின் பாடல்களை, இதில் வாசித்தார்கள். பிரிஜ் பூஷண் காப்ரா இந்துஸ்தானி ராகங்களையே கொண்டுவந்தார். சுனில் கங்குலி ஹவாயன் கிட்டாரில் வாசித்த இந்திப் பாடல் இசைத்தட்டுகளைத்தான் அண்ணன் தேயத் தேயக் கேட்டுக் கற்றார்.

அந்தக் காலத்தில் பினாங்கில் இதை யார் கேட்டார்கள்? எங்கே வாசித்தீர்கள்?
– வாசகி, சுங்கைப்பட்டாணி

பினாங்கு எல்லா இசையும் கரையேறிய ஊர். மலாய்த் திரைப் பாடகரும் நடிகருமான பி. ரம்லி 1929இல் பிறந்தது இங்கேதான். ஜிம்மி பாயில் பியானோவில் ஜாஸ் வாசித்ததும் இந்த ஊரில்தான். குரோஞ்சோங், போரியா, ஜோகெட் என்ற மலாய்ப் பாட்டு, ஆட்ட வகைகள், சீனக் கல்யாணப் பாட்டு எல்லாம் ஒரே தெருவில் காதில் விழும். ஒரு குழு தொழில் நடத்த வேண்டுமானால் எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் ஆறு பேர். நான் அக்கார்டியன். சனிக்கிழமை ஜார்ஜ்டவுனில் கல்யாண விருந்து, திருவிழாக் காலத்தில் கெடா பக்கத்துத் தோட்டங்கள். எண்ணெய்ப் பீப்பாய்மேல் பலகை போட்டு மேடை, ஒரு ஜெனரேட்டர், இரண்டு ஒலிபெருக்கி. பட்டர்வொர்த்தில் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படையின் தளம் இருந்தது. அவர்களுடைய விருந்துகளில் கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புற வகைப் பாட்டுத்தான் கேட்பார்கள். அந்தப் பாட்டுகளில் வரும் பெடல் ஸ்டீல் என்ற வாத்தியத்தை அண்ணன் நேரில் பார்த்ததே கிடையாது. அதில் காலால் மிதித்தும் முழங்காலால் தள்ளியும் சுருதியை மாற்றுவார்கள். அண்ணன் எஃகுத் துண்டைச் சாய்த்துப் பிடித்தும், அதற்குப் பின்னால் தந்தியை விரலால் இழுத்தும் அந்த ஒலியைக் கொண்டுவந்தார். அங்கிருந்த ஒருவர் எழுந்து வந்து, அவர் காலடியில் பெடல் எங்கே என்று குனிந்து தேடியதை நான் பார்த்தேன்.

1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை தீவிலிருந்து அக்கரைக்கு ஃபெர்ரிதான். அண்ணன் கிட்டார்ப் பெட்டியை மடியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தி உட்காருவார். உப்புக்காற்று தந்தியைத் தின்றுவிடும் என்பார். மழைநாளில் அவர் சட்டை நனையும், பெட்டி நனையாது.

என்னிடம் சாதாரண கிட்டார் இருக்கிறது. இதில் பழக முடியுமா?
– கல்லூரி மாணவர், கோலாலம்பூர்

முடியும். தலைப்பக்கம் தந்திகள் ஏறி நிற்கும் இடத்தில் மாட்ட ஓர் உலோகத் துண்டு கிடைக்கும். அது தந்திகளை உயர்த்திவிடும். ஆறாவது, ஐந்தாவது, முதல் தந்திகளை ஒரு முழு ஸ்வரம் இறக்குங்கள். தடித்த தந்தியிலிருந்து பார்த்தால் டி, ஜி, டி, ஜி, பி, டி. நம் கணக்கில் ஜி ஷட்ஜம் என்றால் ப ச ப ச க ப. ஏற்றி வைக்கும் சுருதிகளும் உண்டு. சாதாரண கிட்டாரின் கழுத்து அதைத் தாங்காமல் வளையலாம், வேண்டாம். எஃகுத் துண்டு மெட்டுக் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. துண்டுக்குப் பின்னால் இருக்கும் இடக்கை விரல்கள் தந்தியில் லேசாகப் படட்டும், இல்லாவிட்டால் கிறீச்சிடும். முதல் மாதம் ஒரே தந்தியில் பழகுங்கள்.

அப்பாவின் கிட்டாரைக் கடைக்குக் கொண்டுபோனோம். தந்திகள் இவ்வளவு உயரத்தில் இருந்தால் வாசிக்க முடியாது, அதோடு யாரோ தந்தியைத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள், இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே தடிமன் என்கிறார்கள். எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? பெட்டியில் எஃகுத் துண்டும் இல்லை.
– மகள், பட்டர்வொர்த்

கொடுக்காதே அம்மா. உன்னை ஐந்து வயதில் ஒத்திகை அறையில் அக்கார்டியன் பெட்டிமேல் தூங்கப் பார்த்தவன் நான், அந்த உரிமையில் நீ என்கிறேன்.

கடைக்காரர் பார்த்தது சரி. வழக்கமாக இந்தக் கிட்டாரில் முதல் இரண்டும் வழவழப்பான தந்தி, மூன்றாவதிலிருந்து சுற்றுக்கம்பி. உன் அப்பாவின் கிட்டாரில் இரண்டாவதும் சுற்றுக்கம்பி. அது தப்பு இல்லை. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

கெடாவில் ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழா. நடு இரவில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. பாடகி அக்காவின் மைக் இல்லை, பேஸ் கிட்டார் இல்லை. அண்ணன் தன் கிட்டாரை எடுத்துக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்து, கரகரப்பிரியா ராகத்தில் ஒரு பழைய மெட்டை வாசித்தார். கூட்டம் கலையாமல் கிட்ட வந்து உட்கார்ந்தது. சாமி புறப்பாட்டுக்கு வந்திருந்த நாயனக்காரரும் வந்தார். முடிந்ததும் அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: "தம்பி, நீ வாசிக்கிறது கரகரப்பிரியா. ஒன் வாத்தியம் பக்கத்துல சங்கராபரணம் பாடிக்கிட்டே இருக்கு."

அவர் சொன்னது அந்த இரண்டாவது தந்தியை. ஹவாய்க்காரர்கள் வைத்த சுருதியில் அது அந்தர காந்தாரம், சங்கராபரணத்தில் வரும் உயர்ந்த காந்தாரம். அவர்கள் இசைக்கு அந்த இனிப்பு வேண்டும். ஆனால் கரகரப்பிரியாவில் அதைவிடத் தாழ்ந்த, சாதாரண காந்தாரம் என்ற ஸ்வரத்தை வாசிக்கும்போது, மீட்டாமலே அந்தத் தந்தி அதிர்ந்து இன்னொரு காந்தாரத்தைச் சொல்லும். அண்ணன் அன்று லாரியில் வீடு வரும்வரை பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒத்திகைக்கு வந்தபோது இரண்டாவது தந்தியைக் கழற்றிவிட்டு, அங்கே இன்னொரு மூன்றாம் தந்தியை மாட்டி, அதே ஷட்ஜத்துக்குச் சேர்த்திருந்தார். ப ச ப ச ச ப. மெல்லிய தந்தியை அவ்வளவு இறக்கினால் தொய்ந்துவிடும், அதனால்தான் தடித்த தந்தி. இரண்டையும் சேர்த்து மீட்டினால் இரட்டை நாயனம்போல் ஒலிக்கும். சுற்றுக்கம்பிமேல் எஃகு நகரும்போது லேசாக உரசல் கேட்கும். அதை அவர் மறைக்க முயன்றதே இல்லை. எனக்கு அவர் வாசிப்பென்றால் இன்றைக்கும் அந்த உரசல்தான்.

அந்த மாற்றத்தால் கன்ட்ரி பாட்டுக்கு அவருக்குக் கஷ்டம் கூடியது. ஒரே இழுப்பில் வந்த மேஜர் காந்தாரத்தை, அதாவது அந்த அந்தர காந்தாரத்தை, துண்டைச் சாய்த்துத் தேடி எடுக்க வேண்டும். இரண்டு கிட்டார் வாங்க அப்போது யாரிடம் வெள்ளி இருந்தது? ஒன்றிலேயே எல்லாம் வாசித்தார். பதினாறாம் நாள் நாங்கள் நால்வரும் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசியதும் இதைத்தான். பாடகி அக்கா சொன்னார்: "நான் மூச்சு எடுக்கிற இடத்துல அவரும் எஃகைத் தூக்குவாரு." விரலில் மாட்டும் நகத்தை மைலோ டின் தகட்டில் வெட்டிச் செய்வாரே, அதில் ஒன்றை டிரம்ஸ்காரர் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார்.

எங்களிடம் ஒரு நல்ல ஒலிப்பதிவுகூட இல்லை. கல்யாண வீட்டுக் கேசட்டுகளில் பாத்திரச் சத்தத்துக்குப் பின்னால் எங்கோ அவர் இருக்கிறார். ஆகவே அந்தத் தந்திகளின் தடிமன்தான் அவர் கைப்பட எழுதி வைத்தது. சுருதி இறங்கிப்போயிருக்கும், தடிமன் மாறாது. கடையிலிருந்து கிட்டாரைத் திரும்ப வாங்கி, ஆறு தந்திகளையும் அளக்கச் சொல்லி எழுதி வை. உயரமான அந்த உலோகத் துண்டைக் கழற்ற விடாதே. துருப்பிடித்த தந்தியை மாற்றத்தான் வேண்டும். ஒரு செட்டோடு தனியாக இன்னொரு மூன்றாம் தந்தியும் கேள்.

எஃகுத் துண்டு தொலையவில்லை. பிறை ஊரில் வேலை பார்த்த பட்டறையில் அப்பா தானே லேத்தில் கடைந்தது அது. பதினாறாம் நாள் உன் அம்மா அதைத் தபேலாக்காரர் கையில் கொடுத்தார். நீ கிட்டாரைக் கடைக்குக் கொண்டுபோன செய்தியை நேற்றுச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இரு.