மூலப்பொருளின் தடம் ஆலைக்குள் எங்கே அறுபடுகிறது?

உணவு, பானத் தயாரிப்பில் மூலப்பொருள்களின் தடமறியும் முறையை, அதாவது எந்தப் பொருள் எங்கிருந்து வந்து எதற்குள் சென்றது என்று பின்தொடரும் முறையை, மேம்படுத்தப் புதிய மென்பொருள் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்பாக, பதிவுகள் எங்கே அறுபடுகின்றன என்பதைத் தேடுவதே முக்கியம் என்பேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 178/2002 ஒழுங்குமுறையின் 18ஆம் பிரிவு, பொருளை யாரிடம் வாங்கினோம், எந்த நிறுவனத்துக்கு அனுப்பினோம் என்ற இரண்டையும் கட்டாயமாகக் கேட்கிறது. இவ்விரு முனைகளிலும் பெரும்பாலும் குழப்பம் வருவதில்லை. சிக்கல் ஆலைக்குள் இருக்கிறது. சர்க்கரைச் சேமிப்புக் கலம் முழுவதும் காலியாகும் முன்பே அடுத்த சுமை கொட்டப்பட்டால், இரண்டு தொகுதிகளும் கலந்துவிடுவதால், கலம் அடுத்த முறை முற்றிலும் காலியாகும் வரை அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கலவையையும் இரண்டு தொகுதி எண்களோடும் இணைத்தே பதிய வேண்டும். உற்பத்தியில் திரும்பச் சேர்க்கப்படும் உடைந்த பிஸ்கட்டும் மிச்ச மாவும் இன்னும் ஆபத்தானவை. நேற்றைய தொகுதியின் குறையையோ ஒவ்வாமை தரும் பொருளையோ இன்றைய உற்பத்திக்குள் அவை சத்தமின்றிக் கொண்டுவருகின்றன.

எடை போடும் இடத்திலேயே பார்கோடை ஸ்கேன் செய்து, எண் பொருந்தாவிட்டால் அடுத்த படிக்குச் செல்ல முடியாதபடி அமைப்பது, வேலைநேர முடிவில் நினைவிலிருந்து எழுதுவதைவிட மிகவும் நம்பகமானது.

பிறகு ஒரு தொகுதி எண்ணை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். வந்தது 500 கிலோவாக இருந்து, பயன்பாடு, இருப்பு, கழிவு மூன்றும் சேர்ந்து 470 கிலோவுக்கே கணக்குக் காட்டினால், மீதி 30 கிலோ எந்தப் பொட்டலங்களுக்குள் சென்றது என்பது தெரியும்வரை அந்தப் பதிவை முழுமையானதாக ஏற்கக் கூடாது.