சுவருக்கும் வேலிக்கும் நடுவில் எட்டடி

வீட்டின் பக்கச் சுவருக்கும் வேலிக்கும் இடையில் நீட்டுக்கு வெறும் நிலம் கிடக்கிறது, நடுவில் நடைபாதை போட்டுப் பூச்செடி வைக்க ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் செடி வாங்கப் போகாதீர்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் அந்த இடத்தை அப்படியே விடுங்கள். வீட்டுக்காரர் எங்கே கால் வைத்து நடக்கிறார்கள், மழைத்தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த மூலையில் வெயில் சுடுகிறது என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஒரே பாதையை மூன்று தரம் போட்டேன்.

எங்கள் வீட்டு வளவு இலங்கையின் வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில். யுத்தம் முடிந்து 2010 இல் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது பழைய வீட்டில் அத்திவாரமும் ஒரு குசினிச் சுவரும்தான் மிச்சம். 2013 இல் இந்திய அரசு உதவிய வீட்டுத்திட்டத்தின் 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயோடு எங்களிடம் இருந்ததையும் போட்டுப் புது வீடு எழும்பியது. அதோடு காசும் முடிந்தது. வீட்டின் மேற்குப் பக்கம் சுவரிலிருந்து வேலிக்கு 8 அடி. முன் படலையிலிருந்து பின்னால் கிணற்றடி வரை ஏறக்குறைய 40 அடி. அந்தத் துண்டுதான் என் தோட்டம்.

முதல் பாதையை வேலியோரமாக நூல் பிடித்த மாதிரி நேராகப் போட்டேன். பார்க்க வடிவாக இருந்தது. அதில் ஒருவரும் நடக்கவில்லை. அம்மா குசினிக் கதவால் இறங்கிக் குறுக்கே கிணற்றடிக்குப் போவா. மூன்று மாதத்தில் என் சீனியாஸ் பூப்பாத்திக்கு நடுவே ஒற்றையடித் தடம் விழுந்துவிட்டது. தடி நட்டு மறித்தேன், தடியைக் கடந்து போனா. "வாளியோட உதைச் சுத்தி வரேலுமே பிள்ளை?" என்று கேட்டா. சரி என்று அம்மாவின் தடத்தையே பாதையாக்கினேன். இன்றைக்கும் குசினி வாசலில் பாதை ஒரு வளைவு வளையும். வருகிறவர்கள் அழகுக்காக அப்படிப் போட்டதென்று நினைக்கிறார்கள்.

அகலத்தில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். நான் இரண்டடி விட்டேன். ஆள் நடக்கப் போதும். ஆனால் நெல் மூட்டையைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தால் ஒரு பக்கம் மூட்டை செடியை முறிக்கும், மறுபக்கம் பெடல் காலில் அடிக்கும். இப்போது கணக்கு இப்படி: சுவரிலிருந்து ஒன்றரை அடி வெறும் சல்லி, மூன்றடி பாதை, மிச்சம் மூன்றரை அடி வேலியோரப் பாத்தி. சுவரை ஒட்டிச் செடி வைக்காததற்குக் காரணம் இரண்டு. அத்திவாரத்தோரம் நாளாந்தம் தண்ணீர் ஊற்றுவது நல்லதில்லை. மற்றது தாழ்வாரம். மாரியில் ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் நிலத்தில் வரிசையாகக் குழி பறிக்கும், அந்தக் கோட்டில் எதை நட்டாலும் வேர் வெளியே வந்துவிடும். அங்கே உடைந்த ஓட்டுத் துண்டும் சல்லியும் பரவிவிட்டால் சுவரில் சேறும் தெறிக்காது.

பாதைக்குக் கல் வாங்கவில்லை. பழைய வீட்டின் நிலம் சிவப்புச் சீமெந்து பூசி மினுக்கியது. அது பலகை பலகையாக உடைந்து கிடந்தது. அலவாங்கால் (கடப்பாரையால்) கிளப்பி எடுத்து, கீழே மணல் போட்டு, சிவப்புப் பக்கம் மேலே தெரியப் பதித்தேன். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, இது சாமியறை, இது விறாந்தை என்று சொன்னா. எனக்கு எல்லாம் ஒரே சிவப்பு. சாமியறைத் துண்டில் மட்டும் விளக்கெண்ணெய் ஊறிய கறுப்பு வட்டம் ஒன்று இருந்தது. முதல் மழையில் நானே வழுக்கி விழுந்தேன். மினுக்கிய சீமெந்தும் ஈரமும் பாசியும் சேர்ந்தால் அப்படித்தான். எல்லாவற்றையும் கிளப்பிச் சொரசொரப்பான பக்கம் மேலே வரத் திருப்பிப் போட்டோம். நீங்களும் மினுக்கத் தரைக்கல்லை வெளியே பதிக்காதீர்கள், கடைக்காரர் என்ன சொன்னாலும்.

இனிச் செடி. மேற்குச் சுவர் என்றால் பின்னேர வெயிலில் அது அடுப்புக்கல் மாதிரிக் காயும், பொழுது பட்ட பிறகும் சூடு இறங்காது. வைகாசியில் சோளகக் காற்று தொடங்கினால் இலை ஓரமெல்லாம் கருகும். கண்டிப் பக்கம் போனபோது வாங்கி வந்த அந்தூரியம் ஒரு மாதம் தாங்கவில்லை. ரோசா இரண்டு வருடம் நின்றது. 2016 மாரி பொய்த்து 2017 முழுக்கக் கிணறு அடியில் கிடந்தபோது அதுவும் போனது. அந்த வருடம் செடிக்கென்று தண்ணீர் அள்ளவில்லை, பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டும்தான். அதில் தப்பியவை செவ்வரத்தை (செம்பருத்தி), பட்டிப்பூ (நித்தியகல்யாணி), கற்றாழை, கறிவேப்பிலை. அதற்குப் பிறகு நான் செடிக்கடையில் பூவைப் பார்த்து வாங்குவதில்லை. அயல் வளவுகளில் ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்பது எது என்று பார்த்துக் கொப்பு கேட்டு வாங்குவேன்.

தண்ணீரை மண்ணில் பிடித்து வைக்கப் பொச்சுமட்டையை, அதாவது தேங்காய் மட்டையை விட்டால் வேறில்லை. பாத்தியில் ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி, மட்டைகளை இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூட வேண்டும். காய்ந்த மட்டையை அப்படியே தாட்டால் கறையானுக்கு விருந்து.

வேலி கிளுவைக் கதியாலும் (நட்டால் துளிர்க்கும் தடி) சீமைக்கிளுவையும் (கிளிரிசிடியா). சீமைக்கிளுவைக் குழையை வெட்டிப் பாத்தியில் போட்டால் பசளைச் செலவு குறையும். வேலியில் முசுட்டை, குறிஞ்சா என்ற இலைக்கறிக் கொடிகளை ஏறவிட்டிருக்கிறேன், வறைக்கும் சுண்டலுக்கும் சந்தைக்குப் போகத் தேவையில்லை. கார்த்திகைப்பூவை நான் நட்டதில்லை, மழையோடு தானாகவே கிளம்பி ஏறும். அதன் கிழங்கு கடும் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் கவனம்.

பாதையோரம் வைக்கக் கூடாதவை என்று இரண்டைச் சொல்வேன். ஒன்று தேசி (எலுமிச்சை). முள் சீலையில் கொழுவும். மற்றது முருங்கை. மாரியில் அடிமரம் முழுக்க மயிர்க்கொட்டி (கம்பளிப்பூச்சி) அப்பிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் போனாலே உடம்பு கடிக்கும். காய்ந்த பனையோலைச் சூள் கொளுத்தி நெருப்புக் காட்டிக் காட்டி அலுத்து, கடைசியில் மரத்தையே தறித்துப் பின் வளவில் கொப்பு நட்டோம்.

மூன்றாவது பாதைக்கு வருகிறேன். பாத்திகளைக் கல் அடுக்கி உயர்த்தியிருந்தேன், பாதை பள்ளமாகிவிட்டது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த அந்தக் கிழமை, என் நடைபாதை வாய்க்காலாக ஓடியது. வளவில் விழுந்த மழை முழுக்க அதால் இறங்கிக் கிணற்றடிக்குப் போனது. மணல் அரித்து, கற்கள் புரண்டு, கிணற்றுக்குள் சேற்றுத் தண்ணீர். கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டுத்தான் குடித்தோம். அதன் பிறகு பாதையை நடுவில் ஒரு சாண் உயர்த்தி ஆமை முதுகு மாதிரி விட்டோம். வேலிப் பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, கிணற்றுக்குப் பத்தடி முன்பே வாழைப்பாத்திக்குத் திருப்பிவிட்டோம். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

பாம்பைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். வன்னியில் இரவில் கிணற்றடிக்குப் போகிற பாதையில் இலை நிலத்தைத் தொடுகிற புதர் வேண்டாம். செவ்வரத்தையின் அடிக்கொப்புகளை முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிடுவேன். ஒரு ஆவணியில் கல் இடுக்கோடு ஒட்டி ஒரு புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்) சுருண்டு கிடந்ததைப் பக்கத்து வீட்டு அண்ணைதான் கண்டார். அன்றைக்கே குசினி வாசலில் ஒரு பல்பும் பூட்டினோம். அப்புறம் பூச்சாடிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் நிற்கவிடாதீர்கள், டெங்கு.

அம்மா இப்போது வாளி தூக்குவதில்லை, மோட்டர் இருக்கிறது. பின்னேரத்தில் தடியை ஊன்றி ஒரு நடை படலை வரை போய் வருவா. தாழ்வாரத்தின் கீழே, நனையாத இடமாகப் பார்த்து, அந்த விளக்கெண்ணெய்க் கறைத் துண்டை மட்டும் சிவப்பு மேலே தெரிய விட்டிருக்கிறேன். அதைச் சுற்றிக் கறிவேப்பிலைக் கன்றுகள் வேரிலிருந்து முளைத்துக்கொண்டே இருக்கின்றன. மழைக்கு முன் கிளப்பிப் பையில் வைக்க வேண்டும், நாலு பேர் கேட்டு வைத்திருக்கிறார்கள்.